பிரிண்ட் நல்லா இருக்குன்னு ஸ்கேனை நம்பிட்டேன்

இதை எழுதணும்னு மூணு மாசமா நினைச்சிட்டே இருந்தேன், உக்காந்தா மனசு கனத்துப் போயி எந்திரிச்சிடுவேன். வீட்ல பழைய கல்யாண ஆல்பம் வச்சிருக்கவங்க, அதை கடையில குடுத்து ஸ்கேன் பண்ணி பென் டிரைவ்ல வாங்கி பீரோவுல பூட்டி வச்சிட்டு இனிமே கவலை இல்லன்னு இருக்கவங்க, ஒரு தடவை முழுசா படிச்சிருங்க. இதை யாராவது எனக்கு 2022ல சொல்லியிருந்தா எங்க அம்மா அப்பா கல்யாணப் படங்கள்ல பாதியாவது இன்னைக்கு உருப்படியா மிஞ்சியிருக்கும்.

எங்க வீடு கடலூர்ல ஆல்பேட்டை பக்கம். அம்மா அப்பா கல்யாணம் 1979ல. அந்தக் காலத்து ஆல்பம் எப்படி இருக்கும்னு தெரியும்ல, கருப்பு அட்டை, நடுவுல பட்டர் பேப்பர், நாலு மூலையிலயும் கார்னர் ஒட்டி கருப்பு வெள்ளைப் படம், ஒவ்வொண்ணும் 6க்கு 8 அங்குலம். மொத்தம் 42 படம். எடுத்த ஸ்டுடியோ எப்பவோ மூடிட்டாங்க, நெகட்டிவ் எங்க போச்சுன்னே தெரியாது. 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் அடிச்சப்ப எங்க வீட்டு ஓடு பறந்து பீரோவுக்குள்ள தண்ணி இறங்கிடுச்சு. ஆல்பம் தப்பிச்சது, ஆனா பாதிப் படம் காஞ்ச வாழை இலை மாதிரி வளைஞ்சு போச்சு. இந்த வளைவு ஒரு சின்ன விஷயம்னுதான் அப்ப நினைச்சோம், கதையில பின்னாடி பெருசா வரும், ஞாபகம் வச்சுக்குங்க.

2022ல அப்பா தவறிட்டாரு. காரியம் நடக்குறதுக்குள்ள படம் வேணும், கண்ணீர் அஞ்சலி பேனர் வேணும், பேப்பர்ல விளம்பரம் குடுக்கணும், கார்டு அடிக்கணும். நான் இருந்த நிலமையில எதையும் யோசிக்கல. பெரியப்பா பையன் ஆல்பத்தை அப்படியே ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போயி மொத்தமா ஸ்கேன் பண்ணிட்டு வந்துட்டான், படத்துக்கு 20 ரூபா, 840 ரூபா ஆச்சு. "300 டிபிஐல எடுத்திருக்காங்க, அதான் பிரிண்ட் குவாலிட்டியாம்"னு சொன்னான். டிபிஐன்னா படத்தை ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளியா பிரிச்சு எடுக்குதுங்குற கணக்கு. சரின்னு விட்டுட்டேன். தெரு முனையில வச்ச ஃப்ளெக்ஸ்ல அப்பா முகம் பளிச்னு இருந்துச்சு. பேப்பர்ல வந்த விளம்பரத்துல நல்லா தெரிஞ்சாரு. கலர் லேசர்ல அடிச்ச கார்டும் கரெக்டா இருந்துச்சு. சொந்தக்காரங்களுக்கு குடுக்க 4க்கு 6ல ஒரு பத்து பிரிண்ட் லேப்ல போட்டோம், அதுவும் குறை சொல்ல முடியாது. நாலு விதமா பிரிண்ட் போட்டு நாலும் நல்லா வந்துடுச்சு, அப்ப ஸ்கேன் அருமைன்னு நான் முடிவு பண்ணிட்டேன். நான் பண்ண முதல் தப்பு அங்கதான், மத்ததெல்லாம் அதுலேருந்து வந்ததுதான்.

ஆல்பத்தை ஷெல்ஃப்ல கீழ்த்தட்டுல வச்சிருந்தோம். ஸ்கேன் இருக்கேங்குற தைரியம். 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழை, சாத்தனூர் அணையில தண்ணி திறந்து விட்டு தென்பெண்ணையில வெள்ளம் வந்துச்சே, அப்ப எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அரிசி மூட்டையையும் அம்மாவோட மாத்திரையையும் தூக்குனோம், ஆல்பம் ஞாபகமே வரல. மூணு நாள் கழிச்சு எடுத்தா செங்கல் மாதிரி ஒரே கட்டி. அதைக் கொண்டு போயி மொட்டை மாடியில வெயில்ல காய வச்சேன், அது இன்னொரு தப்பு. போட்டோ பேப்பர் மேல இருக்கிறது ஜெலட்டின், நனைஞ்சா பசை மாதிரி ஆயிடும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டுன நிலையில காஞ்சிடுச்சுன்னா அதுக்கப்புறம் பிரிக்கிறது ரொம்பக் கஷ்டம். நனைஞ்ச படத்தை நல்ல தண்ணியில போட்டு ஈரத்தோடயே மெதுவா ஒவ்வொண்ணா பிரிச்சு, படம் மேல பாக்குற மாதிரி தனித்தனியா விரிச்சு நிழல்ல காய வைக்கணும். ஒரே நாள்ல முடியலன்னா கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வச்சிட்டு அப்புறம் பாத்துக்கலாம், அழுகாது. இதெல்லாம் எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது. அன்னைக்கு அம்மா அந்தக் கட்டியை மடியில வச்சிட்டு ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தாங்க. "ஸ்கேன் இருக்கும்மா, எல்லாம் இருக்கு, எவ்ளோ பெருசு வேணாலும் போட்டுத் தரேன்"னு நான் சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்னது இன்னும் உறுத்துது.

2025ல தம்பி புதுச்சேரி லாஸ்பேட்டையில வீடு கட்டி குடி போனான். அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு, ஹால்ல கல்யாணப் படம் பெருசா மாட்டணும். தம்பி நேரா ஒரு கடையில குடுத்து 18க்கு 24 அங்குலத்துல கேன்வாஸ்ல போட்டு ஃப்ரேமோட வாங்கிட்டு வந்தான், 2,400 ரூபா. வாசல்லேருந்து பாத்தா பிரமாதம். வந்தவங்க எல்லாம் நல்லா இருக்குன்னாங்க. அம்மா மட்டும் கிட்டப் போயி மூக்கு ஒட்டுற மாதிரி நின்னு பாத்தாங்க. திரும்பி வந்து, "உங்கப்பா கண்ணு இப்படி இருக்காதுடி"ன்னாங்க. நானும் போயி பாத்தேன். கண்ணுன்னு ஒரு கருப்புத் திட்டு இருந்துச்சு, அவ்ளோதான். அம்மா காதுல ஜிமிக்கி ஒரு வெள்ளைக் கோடு. பெரிய படத்தை ஆறடி எட்டடி தள்ளி நின்னுதான் பாப்பாங்க, அதனால கம்மி பிக்சல் போதும்னு கடையில சொல்றாங்க. விருந்தாளிக்கு அது சரி. புருஷன் போன பொம்பளை அவர் முகத்தை எட்டடி தள்ளி நின்னு பாக்க மாட்டா. வீட்டுப் படத்துக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது.

தம்பி எந்த ஃபைலைக் குடுத்தான்னு கேட்டா, பெரியப்பா பையன் வாட்ஸ்அப்ல அனுப்புனதை குடுத்திருக்கான். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்புனா அது படத்தை சின்னதாக்கி அமுக்கித்தான் அனுப்பும், டாக்குமெண்டா அனுப்பினாதான் அப்படியே போகும். அப்பாடா அதான் காரணம்னு எனக்கு உயிர் வந்துச்சு. பென் டிரைவ்ல இருந்த ஃபைலை எடுத்துட்டுப் போயி நல்ல லேப்ல குடுத்து அதே 18க்கு 24 க்ளாஸி பேப்பர்ல போட்டேன், 1,350 ரூபா, பத்து நாள் ஆச்சு. ரோலைப் பிரிச்சுப் பாத்தப்ப கை நடுங்கிடுச்சு. கேன்வாஸை விட இது மோசம். பின்னாடி இருந்த திரைச்சீலை கட்டம் கட்டமா உடைஞ்சிருக்கு, அப்பா வேட்டி மடிப்பே இல்லாம வெள்ளைக் காகிதம் ஒட்டுன மாதிரி, முகத்தைச் சுத்தி ஒரு வெள்ளைக் கோடு. அதை விட, அம்மா பக்கம் ஓரளவு தெளிவா இருக்கு, அப்பா பக்கம் கலங்கலா இருக்கு.

லேப்ல கேட்டேன், "ஸ்கேன் சரியில்ல மேடம், எங்க மிஷின்ல தப்பு இல்ல"ன்னாங்க. ஸ்கேன் பண்ண கடைக்குப் போனேன், "நாங்க குடுத்த ஃபைல்லதானக்கா ஃப்ளெக்ஸ் நல்லா வந்துச்சு, பேப்பர்ல நல்லா வந்துச்சு, லேப்ல கெடுத்துட்டாங்க"ன்னாங்க. யார் சொல்றது உண்மைன்னு எனக்கு எப்படித் தெரியும்? கடலூருக்கும் பாண்டிக்கும் அலைஞ்சே ரெண்டு மாசம் போச்சு. நடுவுல ஒருத்தர் ஏஐ வச்சு சரி பண்ணித் தரேன்னு 1,500 ரூபா வாங்குனாரு. படம் கண்ணாடி மாதிரி தெளிவா வந்துச்சு, ஒவ்வொரு இமை முடியும் தெரிஞ்சுது. அம்மா பாத்துட்டு "யாருடி இது?"ன்னாங்க. அது இல்லாத விவரத்தை தானா யூகிச்சு வரையுது, அப்பாவோட இடது கண்ணு கொஞ்சம் சின்னதா இருக்கும், அது ரெண்டையும் ஒரே அளவா ஆக்கிடுச்சு. வேற யாரோ ஒரு மாப்பிள்ளை பக்கத்துல எங்க அம்மா. அன்னைக்கு ராத்திரி தூங்கல, அழுதேன்.

அப்புறம்தான் யாரையும் கேக்காம நானே கண்டுபிடிக்கிறதுன்னு உக்காந்தேன். சித்தி பொண்ணு லேப்டாப்ல கிம்ப்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தா. நான் பண்ணது இதுதான், இந்த ஒண்ணை மட்டும் எடுத்துக்குங்க போதும். 18க்கு 24 முழுசா போட்டுப் பாக்க 1,350 ரூபா, ஆனா அதே அளவுல போட்டா எப்படி இருக்கும்னு ஒரு 4க்கு 6 பிரிண்ட்லயே பாத்துடலாம், 15 ரூபா. படத்தை முதல்ல கம்ப்யூட்டர்ல 18க்கு 24 அளவுக்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்குல பெருசாக்கிக்கணும், அதாவது 5400க்கு 7200 பிக்சல். அதுலேருந்து முக்கியமான இடங்களை 600க்கு 600 சதுரமா வெட்டி எடுத்து, 1200க்கு 1800ல ஒரு வெத்துத் தாள் திறந்து அதுல ஆறு சதுரத்தை அடுக்கணும். ஒவ்வொரு சதுரமும் பேப்பர்ல ரெண்டு அங்குலம் வரும், சுவத்துல மாட்டுன பெரிய படத்துலேருந்து ஒரு துண்டு கிழிச்சு கையில வச்சுப் பாக்குற மாதிரி. நான் எடுத்தது அப்பா கண்ணு, அம்மா ஜிமிக்கி, வேட்டி மடிப்பு, அப்பா தலைமுடி, பின்னாடி திரைச்சீலை. ஆறாவது சதுரத்துல தம்பி பையனுக்கு மொட்டை போட்டப்ப நல்ல கேமராவுல எடுத்த படத்தோட ஒரு துண்டு. அந்த ஆறாவது துண்டுதான் சாட்சி. அது நல்லா வந்து மத்த அஞ்சும் கெட்டு வந்தா தப்பு ஸ்கேன்ல, ஆறும் கெட்டு வந்தா தப்பு பிரிண்டர்ல. இதுக்கு மேல எந்தக் கடைக்காரரும் என்னை அலைய விட முடியாது.

அந்த ஒரே தாளை கிடைச்ச எல்லா முறையிலயும் போட்டேன். முதல்ல லேப்ல, ஒளி பட்டு கெமிக்கல்ல கழுவி வர்ற போட்டோ பேப்பர். கவுண்டர்ல தெளிவா சொல்லணும், "கலர் கரெக்‌ஷன், ஷார்ப் எதுவும் போடாதீங்க, அப்படியே விடுங்க"ன்னு, இல்லன்னா அவங்க மிஷின் தானா வெளிச்சம் கூட்டிக் குறைச்சிடும், அப்புறம் நீங்க பாக்குறது ஸ்கேனை இல்ல, ஆபரேட்டரோட கையை. இந்த முறையில புள்ளியே கிடையாது, நிறம் இழைஞ்சு வரும், அதனால ஒளிக்க இடம் இல்ல. திரைச்சீலையில கட்டம் அப்படியே தெரிஞ்சுது. ஜேபெக்குன்னு நாம சொல்ற ஃபைல் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டமா பிரிச்சுத்தான் அமுக்கும், ரொம்ப அமுக்குனா அந்தக் கட்டம் வெளிய வந்துடும். அது சேர்ந்தாப்ல இருக்கிற வழவழப்பான இடத்துலதான் முதல்ல தெரியும், சுவர், வானம், திரை, கன்னம். வேட்டி சுத்த வெள்ளை. தம்பி பையன் துண்டு அவ்ளோ அழகா இருந்துச்சு. பாத்த உடனே பதில் கிடைச்சிடுச்சு, ஆனா மத்ததுல எப்படி ஏமாந்தேன்னு தெரிஞ்சுக்கணும்னு வெறி.

பாஸ்போர்ட் படம் எடுக்கிற கடையில குட்டியா ஒரு பிரிண்டர் இருக்கும்ல, ரிப்பன்ல இருக்கிற சாயத்தை சூடு பண்ணி பேப்பர்ல ஏத்துறது, நாலு தடவை பேப்பர் உள்ள போயி வெளிய வரும். அதுலயும் புள்ளி கிடையாது, லேப் பிரிண்ட் காட்டுன குறையெல்லாம் இதுவும் காட்டுச்சு, ஆனா ஓரங்கள் கொஞ்சம் மழுங்கி வந்ததால முகத்தைச் சுத்தி இருந்த வெள்ளைக் கோடு பாதி மறைஞ்சு போச்சு. அடுத்தது பக்கத்து வீட்டு அண்ணன் இங்க்ஜெட்ல, க்ளாஸியில ஒண்ணு மேட்ல ஒண்ணு. இங்கதான் ஆச்சரியம், திரைச்சீலை நல்லாயிடுச்சு! இங்க்ஜெட் மையை நுண்ணிப் புள்ளியா தூவும், அந்தத் தூவல் மெல்லிய மணல் மாதிரி கட்டத்து மேல படிஞ்சு மூடிடுது. மேட் பேப்பர்ல மை லேசா பரவி இன்னும் மூடிடுது, ஆனா தலைமுடி ஒரே கருப்பா அமுங்கிப் போச்சு, அது பேப்பரோட குணம், ஸ்கேன் குத்தம் இல்ல, ஏன்னா தம்பி பையனோட காதோர நிழலும் அப்படித்தான் அமுங்குச்சு. இன்னொண்ணும் கவனிச்சேன், கருப்பு வெள்ளைப் படத்தை கலர் மையை கலந்து அடிக்கிறதால டியூப் லைட்ல லேசா பச்சையா, குண்டு பல்பு வெளிச்சத்துல லேசா சிவப்பா தெரிஞ்சுது. அதனால எந்த பிரிண்ட்டையும் காலையில ஜன்னல் ஓரம் வச்சுப் பாருங்க, கடை டியூப் லைட்டை நம்பாதீங்க.

ஜெராக்ஸ் கடை கலர் லேசர்ல போட்டது வேற மாதிரி. டோனர் பொடியை ஒழுங்கா வரிசை கட்டுன புள்ளியா வைக்கிறதால திரைச்சீலை கட்டம் அந்தப் புள்ளி வரிசைக்குள்ள காணாமப் போச்சு, தலைமுடி மொத்தமா மை பூசுன மாதிரி ஆச்சு, ஆனா முகத்தைச் சுத்தி இருந்த வெள்ளைக் கோடு மட்டும் சுண்ணாம்பு வச்சுக் கோடு போட்ட மாதிரி எடுப்பா வந்துச்சு. அந்தக் கோடு என்னன்னா ஸ்கேனர்ல தானா ஷார்ப் பண்ற, அதாவது ஓரங்களை எடுப்பாக்குற ஆப்ஷனை ஆன் பண்ணி வச்சிருந்திருக்காங்க. 2022ல கார்டு அடிச்சப்ப படம் ரெண்டு அங்குலம்தான், அதனால கோடும் மெல்லிசாகி கண்ணுக்கு படல. பேப்பர் விளம்பரத்தைப் பத்திக் கேக்கவே வேணாம், செய்தித்தாள்ல அங்குலத்துக்கு 100 வரிசை புள்ளி வந்தாலே பெருசு, மை வேற பரவும், அதுல எந்த ஸ்கேனும் நல்லாத்தான் தெரியும். ஃப்ளெக்ஸ் ரோட்டுல பைக்ல போறவங்க பாக்குறது. கேன்வாஸ்ல துணி இழையே படத்துக்கு ஒரு போலி விவரம் குடுத்துடும், கலங்கல் தெரியாது. நான் நம்பி ஏமாந்த ஒவ்வொரு பிரிண்ட்டும் ஏதோ ஒரு குறையை மூடி வைக்கிற பிரிண்ட்டா இருந்திருக்கு. எல்லா முறையிலயும் ஒரே இடத்துல ஒரே மாதிரி நிக்கிற குறை ஸ்கேனோடது, ஏதோ ஒரு முறையில மட்டும் ஆறாவது துண்டுலயும் சேர்ந்து வர்ற குறை பிரிண்ட்டோடது. அப்பா வேட்டி எல்லாத் தாள்லயும் வெள்ளைதான். கம்ப்யூட்டர்ல அந்த இடத்துல புள்ளி வச்சுப் பாத்தா எங்க தொட்டாலும் 255, அதாவது அதுக்கு மேல வெள்ளை இல்ல. ஸ்கேன் பண்றப்பவே வெளிச்சம் கூடிப் போயி மடிப்பு அழிஞ்சிடுச்சு, எத்தனை ஆயிரம் செலவு பண்ணாலும் எந்த பிரிண்டரும் அதைத் திருப்பிக் குடுக்காது.

அப்பா பக்கம் ஏன் கலங்கல்னு அப்பவும் புரியல. மறுபடி அந்தக் கடைக்குப் போயி, சண்டை போடாம, எந்த மிஷின்ல எடுத்தீங்கன்னு மட்டும் பாத்துட்டு வந்தேன். பிரிண்டர் ஸ்கேனர் ஜெராக்ஸ் மூணும் சேர்ந்த மெல்லிசான மிஷின். அந்த மாதிரி மிஷின்ல இருக்கிறது பெரும்பாலும் சிஐஎஸ்னு ஒரு வகை, கண்ணாடியோட ஒட்டி இருக்கிறது மட்டும்தான் தெளிவா வரும், கொஞ்சம் தூக்கியிருந்தாலும் கலங்கிடும். சிசிடின்னு இன்னொரு வகை இருக்கு, கனமா உயரமா இருக்கும், அதுல லேசா தூக்கியிருந்தாலும் தெளிவா வரும். தானேல வளைஞ்ச படம்ல எங்களுது, அப்பா பக்கம்தான் தூக்கிட்டு இருந்திருக்கு. உங்க கடையில எது இருக்குன்னு பாக்க சுலபமான வழி, ஒரு பஸ் டிக்கெட்டோட ஒரு ஓரத்தை லேசா மடிச்சுத் தூக்கி வச்சு ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க, தூக்குன இடத்துல எழுத்து படிக்க முடியுதான்னு பாருங்க. படம் வளைஞ்சிருந்தா, ஆல்பம் அட்டையில ஒட்டியிருந்தா, ஃப்ரேம் கண்ணாடியில ஒட்டிப் போயிருந்தா சிசிடி தவிர வேற எதுலயும் வைக்காதீங்க. கண்ணாடியில ஒட்டுன படத்தை உரிக்கவே உரிக்காதீங்க, கண்ணாடியோடயே வச்சு எடுக்கலாம்.

அப்புறம் அந்த 300. படம் 6க்கு 8, 300ல எடுத்தா 1800க்கு 2400 பிக்சல். அதே அளவுக்கு பிரிண்ட் போட்டா அங்குலத்துக்கு 300, அருமையா இருக்கும். 18க்கு 24 போட்டா மூணு மடங்கு பெருசு, அங்குலத்துக்கு வெறும் 100. டிபிஐன்னு அவங்க சொல்றது ஒரிஜினல் படத்தோட அளவுக்கு, நாம போடப் போற அளவுக்கு இல்ல. கடையில எத்தனை டிபிஐன்னு கேக்காதீங்க, நீளம் எத்தனை பிக்சல், அகலம் எத்தனை பிக்சல்னு கேளுங்க, அதை நீங்க போட நினைக்கிற அங்குலத்தால வகுத்துப் பாருங்க, 200க்கு கீழ வந்தா யோசிங்க.

கையில ஒரிஜினல் இல்லாதவளுக்கு இதெல்லாம் தெரிஞ்சு என்ன பண்றதுன்னு சோர்ந்து போயிருந்தப்ப அம்மாதான் சொன்னாங்க, பண்ருட்டி அத்தை வீட்டுக்கும் அப்பவே ஒரு செட் போட்டுக் குடுத்தோம்னு. அத்தைக்கு 78 வயசு. போன் பண்ணா, "இருக்கு கண்ணு, பொட்டியில வச்சிருக்கேன், ஆனா வீட்டை விட்டு வெளிய தர மாட்டேன்"னாங்க. கடலூர்ல எங்களுக்கு நடந்தது தெரிஞ்சவங்க, அவங்க சொன்னது நியாயம். அதனால நான் பழைய சிசிடி ஸ்கேனர் ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல 9,000 ரூபாய்க்கு வாங்கி, போர்வையில சுத்தி, நெல்லிக்குப்பம் வழியா போற பஸ்ல மடியில வச்சுக்கிட்டே பண்ருட்டி போனேன். அத்தை திண்ணையில டேபிள் போட்டுக் குடுத்தாங்க. 11 படம் இருந்துச்சு, எங்க 42ல 11.

600ல எடுத்தேன், 3600க்கு 4800 பிக்சல், டிஃப்னு விவரம் போகாம சேமிக்கிற ஃபைல்ல, நிறத்தை இன்னும் நுணுக்கமா பதியுற 48 பிட் கலர்ல, ஷார்ப், ஆட்டோ கலர், தூசி நீக்குறது எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு. ஒரு படம் 100 எம்பிக்கு மேல வருது, வரட்டும். ஒண்ணை 1200ல எடுத்துப் பாத்தேன், ஃபைல் நாலு மடங்காச்சு, ஆனா பேப்பர்ல இருக்கிற விவரமே அவ்ளோதான், பேப்பர் நார்தான் பெருசாச்சு. கருப்பு வெள்ளைன்னாலும் கலர்ல எடுத்தது நல்லதாப் போச்சு, மஞ்சள் கறையை தனியா பிரிச்சு சரி பண்ண முடிஞ்சுது. பழைய கருப்பு வெள்ளைப் படத்துல ஓரத்துல வெள்ளி மாதிரி மினுமினுப்பு ஏறியிருக்கும், அது ஸ்கேன்ல நீலமா வரும், பயந்துடாதீங்க, அதைத் துடைக்கவும் துடைக்காதீங்க. என் காதுகுத்துப் படம் ரெண்டும் அத்தைகிட்ட இருந்துச்சு, 80கள்ல வந்த தேன்கூடு மாதிரி மேடு பள்ளமான பேப்பர்ல போட்ட கலர் படம். ஸ்கேன்ல முகமெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதை ஒரு தடவை நேரா ஒரு தடவை தலைகீழா வச்சு எடுத்து ரெண்டையும் கம்ப்யூட்டர்ல ஒண்ணு மேல ஒண்ணு வச்சு கலந்தா பெரும்பாலும் போயிடுது, வெளிச்சம் ஒரே பக்கத்துலேருந்து வர்றதால வர்ற மினுக்கு அது. அந்த மாதிரிப் படத்தை சரி பண்ணாம லேசர்ல பிரிண்ட் போட்டுப் பாத்தேன், பேப்பர் மேடும் டோனர் புள்ளியும் மோதி முகத்துல அலை அலையா வளையம் வந்துச்சு, லேப் பேப்பர்ல அது வரல.

இந்த தடவை ஒரிஜினல் அத்தை வீட்ல இருக்கிறப்பவே, ஸ்கேன் பண்ண மறுநாளே, ஆறு சதுரத் தாள் போட்டு லேப்ல ஒண்ணு இங்க்ஜெட்ல ஒண்ணு எடுத்துட்டு திரும்ப பண்ருட்டி போயி, படத்தை பக்கத்துல வச்சு பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன். வேட்டியில மடிப்பு இருந்துச்சு, அந்தக் கரை கூட தெரிஞ்சுது. ஜிமிக்கியில கல்லு எண்ணலாம். ரெண்டு படத்துல கீழ் ஓரம் விட்டுப் போயிருந்துச்சு, அங்கயே திரும்ப எடுத்தேன். இப்படி ஒத்துப் பாக்குற வரைக்கும் ஒரிஜினலை எங்கயும் வைக்காதீங்க, யாருக்கும் திருப்பிக் குடுக்காதீங்க, முக்கியமா ஸ்கேன் இருக்கேன்னு கீழ்த்தட்டுல போடாதீங்க.

கணக்கு கேட்டா, முதல் ஸ்கேன் 840, கேன்வாஸ் 2,400, பெரிய லேப் பிரிண்ட் 1,350, ஏஐ 1,500, சோதனை பிரிண்ட் எல்லாம் சேத்து 600, மொத்தம் 6,690 ரூபா வீணாவும் பாடமாவும் போச்சு, சோதனை பிரிண்ட் 600ஐ மட்டும் நான் வீண்னு சொல்ல மாட்டேன். அஞ்சு மாசம் போச்சு. ஸ்கேனர் 9,000 கையில இருக்கு, எங்க தெருவுல மூணு வீட்டுக்கு அதுல ஆல்பம் எடுத்துக் குடுத்துட்டேன்.

கல்யாணப் படம் இப்ப லாஸ்பேட்டையில ஹால்ல இருக்கு, 18க்கு 24, லேப் பேப்பர், க்ளாஸி இல்லாம. அம்மா தினமும் கிட்டப் போயிதான் பாக்குறாங்க. ஆனா அத்தைகிட்ட இருந்த 11ல அப்பா தனியா மாலையோட சிரிச்சிட்டு நிக்கிற படம் இல்ல, அதுதான் அம்மாவுக்கு எல்லாத்தையும் விடப் பிடிச்சது. அதுக்கு மிச்சம் இருக்கிறது அந்த 1800க்கு 2400 ஜேபெக் மட்டும்தான், முகத்தைச் சுத்திக் கோடும் வெள்ளையாப் போன வேட்டியுமா. அதை அளவு மாத்தி மாத்தி போட்டுப் பாத்தேன். 8க்கு 10ல கண்ணு கலங்குது. 5க்கு 7ல, மேட் பேப்பர்ல, இங்க்ஜெட்ல போட்டா கோடு அமுங்கி கண்ணு அவர் கண்ணா இருக்கு. குறையை மூடுற பிரிண்ட்டை இந்த ஒரு படத்துக்கு மட்டும் தெரிஞ்சே போட்டுக்கிட்டேன். அம்மா அதை தலைமாட்டுல வச்சிருக்காங்க. நெல்லிக்குப்பத்துல அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர் வீட்ல அந்தப் படத்தோட காப்பி இருக்கலாம்னு அத்தை சொல்லியிருக்காங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை ஸ்கேனரை எடுத்துட்டுப் போறேன்.